மண்ணின் வகையும் மண்ணின் நிலையும்

முதலிபாளையம் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவது சிட்கோ தொழிற்பேட்டையே. காலை வேளையில் ஆண்களும் பெண்களும் சாப்பாட்டுத் தூக்கோடு பனியன் கம்பெனிகளுக்கு விரைவதும், துணி உருளைகளை ஏற்றிய வண்டிகள் திருப்பூருக்கும் திரும்பவும் ஓடிக்கொண்டிருப்பதும் இங்கே அன்றாடக் காட்சிகள். ஆயினும் அவ்விடத்தை விட்டுக் காங்கயம் நோக்கிச் சிறிது தொலைவு செல்வோமாயின், நாம் காண்பது வேறோர் உலகம். முள்கிளுவை வேலியால் நாற்புறமும் அடைக்கப்பட்ட காடுகள், அவற்றினுள் ஆங்காங்கே குடைவிரித்து நிற்கும் வெள்வேல மரங்கள், மரத்தடியில் கல்தொட்டி, புல்லை மேய்ந்து நிற்கும் மாடுகளும் செம்மறிகளும். இவற்றையே கொங்கு மக்கள் கொறங்காடு என்று அழைக்கின்றனர்.

கொறங்காடு தானாக முளைத்த காடன்று. நம் முன்னோர் திட்டமிட்டு உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த இப்பகுதிக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். இத்தகைய நிலத்தில் ஆண்டுதோறும் பயிரை நம்பி வாழ இயலாது என்று கண்ட உழவர்கள், வேலியும் புல்லும் மரமும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் இம்முறையை வகுத்தனர். பெரும்பாலும் நான்கு ஏக்கர் அளவுள்ள காடுகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து, மற்றொன்றுக்கு ஓய்வளிப்பர். கொழுக்கட்டைப் புல் அடிப்படைத் தீவனம். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளுக்கு உணவாகும். முள்கிளுவை வேலி கள்வரையும் தடுக்கும், காற்றையும் தடுக்கும். 2000-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த காங்கயம் மாட்டினம் இக்காடுகளின் புல்லில் வளர்ந்த செல்வமே.

இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது ஒரு குடும்பத்துப் பூசல். சம்பந்தப்பட்டோர் நம் பங்கு மக்களே, பெயர் வேண்டா. தந்தையார் விட்டுச்சென்ற கொறங்காடு மூன்று பாகமாகியது. பள்ளத்துப் பக்கமிருந்த செம்மண் காடு அண்ணனுக்கும், மேட்டுக்காடு தம்பிக்கும், சாலையை ஒட்டிய பாகம் அக்காளுக்கும் சேர்ந்தன. பத்தாண்டுகள் கழிந்தபின் அண்ணனின் காட்டில் பச்சை மிகுந்து தெரிந்தது. தம்பியின் காட்டில் கல்லே மிகுந்து தெரிந்தது. “நம்ம அப்பன் காட்டை இவன் பாழாக்கிப்போட்டான், பாழாப்போன காட்டை வித்துப்போட்டுக் காசைப் பிரிச்சுக்கலாம்” என்று அண்ணன் ஊரறியப் பேசத் தொடங்கினார். குடோன் கட்ட இடம் தேடிய ஒரு தரகரும் வந்து நின்றார்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்தபின் தம்பி நம்மிடம் வந்தார். “சாமி, அண்ணன் சொல்றதும் பொய்யில்லீங்க. என்ற காட்டுல புல்லு கம்மிதான். ஆனா நான் அதிகமா மேய்க்கலீங்க. பொக்லைன் கூட்டியாந்து கல்லை எல்லாம் வழிச்சுப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கறனுங்க” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கணக்கு வழக்குகளில் மத்தியஸ்தம் செய்து பழகிய நமக்குப் புல்லுக்கும் கல்லுக்கும் நியாயம் சொல்லத் தெரியவில்லை. ஆதலின், மண் ஆய்வுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற நம் பங்குப் பெரியவர் ஒருவரை உடன் வருமாறு வேண்டினோம். “பொக்லைனை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்க சாமி. முதலில் நடந்து பார்ப்போம்” என்பதே அவருடைய முதல் மறுமொழி.

வகை வேறு, நிலை வேறு

காட்டுக்குச் செல்லும் வழியில் அப்பெரியவர் நமக்கு விளக்கிய அடிப்படை இதுவே: நிலத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. இது எவ்வகை நிலம் என்பது ஒன்று. இது இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பது மற்றொன்று. பாறையின் தன்மை, மண்ணின் ஆழம், கல்லின் அளவு, சரிவு, மழை ஆகியவை வகையைத் தீர்மானிக்கின்றன. அவற்றை ஓர் உழவர் தம் வாழ்நாளில் மாற்ற இயலாது. ஆனால் நிலை என்பது மேய்ச்சலாலும் ஓய்வாலும், உழவாலும் பராமரிப்பாலும் உயர்வதும் தாழ்வதுமாகும். வகையால் புல் குறைந்த நிலத்தைக் கண்டு, அதன் நிலை கெட்டுவிட்டது என்று கூறுவது அநீதி. வகையால் வளமான நிலத்தில் இன்னும் சிறிது புல் இருப்பதைக் கண்டு, அதன் நிலை நன்று என்று மகிழ்வது அறியாமை.

இப்பாகுபாடு தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தை அதில் சிறந்து விளங்கும் செடிகொடியின் பெயராலேயே வழங்கியவர் நம் முன்னோர். அவர்களுள்ளும் சிலப்பதிகார ஆசிரியர் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து எய்தும் வடிவமாகக் காட்டினார். முல்லை வகை என்றால் பாலை நிலை. இவ்வாறே நாம் அதனைப் புரிந்துகொள்கிறோம். நற்செய்தியில் வரும் விதைப்பவர் உவமையையும் இக்கண்ணோடு வாசித்துப் பார்க்கலாம். பாறை நிலத்தில் மண் ஆழமில்லாதது அதன் வகை. முட்செடிகள் மண்டிக் கிடந்ததும், வழியோரம் மிதிபட்டு இறுகியதும் நிலை.

அரசாங்கமும் நிலத்தை வகைப்படுத்தியே வந்துள்ளது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் புரட்டினால், ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு பத்தியும், ‘தரம்’ என்றொரு பத்தியும் காணப்படும். ஆங்கிலேயர் ஆட்சியில் ரயத்துவாரித் தீர்வை விதித்தபோது, கரிசலா செம்மண்ணா, களியா மணலா என்று பார்த்து இட்ட எண்கள் அவை. அவ்வகைப்பாட்டின் நோக்கம் வரி. எந்தப் பயிர் எவ்வளவு விளையும், அதற்கு எவ்வளவு தீர்வை விதிக்கலாம் என்பதே அதன் கேள்வி. நிலம் நலமாயிருக்கிறதா, நலிந்துவருகிறதா என்று அது கேட்கவில்லை. ஆகவே அக்கேள்விக்கு அது விடையும் தராது.

அறிஞர்கள் கண்ட வழி

நிலத்தின் நலத்தை நோக்கமாகக் கொண்டு மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்கும் முறை சென்ற நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் உருப்பெற்றது. அளவுக்கு மீறிய மேய்ச்சலாலும் வறட்சியாலும் அங்கே பரந்த புல்வெளிகள் சீரழிந்திருந்தன. டிக்ஸ்டர்ஹூயிஸ் என்ற ஆய்வாளர் 1949-இல் ஒரு முறையை வெளியிட்டார். முதலில் மண்ணும் மழையும் ஒத்த நிலங்களை ஒரு தளமாகச் சேர்க்க வேண்டும். பிறகு அத்தளத்தில் வளரும் செடிகளை மூவகையாகப் பிரிக்க வேண்டும். மேய்ச்சல் மிகுந்தால் முதலில் குறைந்துபோகும் சுவையான புற்கள் ஒருவகை. அவை விட்டுச்சென்ற இடத்தில் பெருகும் இரண்டாந்தரச் செடிகள் மற்றொரு வகை. முன்பு அங்கே இல்லாது புதிதாய் நுழையும் களைகள் மூன்றாம் வகை. இவற்றின் விகிதத்தைப் பார்த்தால் நிலத்தின் நிலை தெரியும் என்றார் அவர்.

நம் நாட்டில் தபட்காவ், சங்கரநாராயணன் என்னும் இரு அறிஞர்கள் இந்தியப் புல்வெளிகளை ஆராய்ந்து, அவற்றை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்து 1973-இல் நூல் வெளியிட்டனர். தீபகற்ப இந்தியாவின் மேய்ச்சல் நிலங்கள் அவற்றுள் ஒரு பிரிவைச் சாரும். மண்ணைப் பொறுத்தவரை, 1976-இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனமும், மாநில மண் ஆய்வுத் துறையும் ஊர்ப் பெயர்களாலேயே மண் தொடர்களுக்குப் பெயரிட்டுள்ளன. இருகூர் என்றால் ஒருவகைச் செம்மண். பெரியநாயக்கன்பாளையம் என்றால் ஒருவகைக் கரிசல். செடிகொடிகளை அறிய விரும்புவோர்க்கு இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ அடிகளாரின் உழைப்பு துணைநிற்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாத் தாவரக் காப்பகத்தை நிறுவிய அவர், தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1980-களில் வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று செடிகளைத் திரட்டிப் பதப்படுத்தி வைத்த அவ்வுழைப்பினால், இன்னின்ன புல் இன்னின்ன இடத்தில் அன்று இருந்தது என்று இன்றும் நாம் சான்று காட்ட இயலும்.

ஒன்றை இங்கே வாசகர்கள் கேட்கலாம்: ஒவ்வொரு காட்டின் மண்ணும் சிறிதளவேனும் வேறுபடுகிறதே, எத்தனை வகை பிரிப்பது? இது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மண்ணையும் தாவரத்தையும் கொண்டு பிரித்த தளங்கள் ஆயிரக்கணக்காகப் பெருகிவிட்டன. அத்தனையையும் தனித்தனியே அளந்து கண்காணிக்க ஆளுமில்லை, பொருளுமில்லை. ஆகவே ஒரே விதமாக நடந்துகொள்ளும் தளங்களைச் சேர்த்துக் குழுக்களாக்குகின்றனர். மழை பெய்தால் ஒரே விதமாகத் துளிர்ப்பவை, மேய்ச்சல் மிகுந்தால் ஒரே விதமாக நலிபவை, ஓய்வளித்தால் ஒரே விதமாகத் தேறுபவை ஒரு குழு. குழு மிகப் பெரிதானால் செம்மண்ணும் சரளையும் கலந்து தீர்ப்புத் தவறும். மிகச் சிறிதானால் ஒப்பிட வேறு நிலமே இராது.

நம் பக்கத்துக் காடுகள்

அப்பெரியவரின் கணிப்பில் நம் பக்கத்துக் கொறங்காடுகளை ஐந்து குழுக்களாகக் கொள்ளலாம். முதலாவது, ஓரளவு ஆழமுள்ள செம்மண் காடு. கடப்பாரை எளிதில் இறங்கும். கொழுக்கட்டைப் புல் தூர்கட்டி வளரவும், அதனிடையே செப்பு நெருஞ்சி போன்ற பயற்றினச் செடிகள் படரவும் தகுந்த இடம். இரண்டாவது, சரளை மேடு. மேலே சிறு கற்கள் பரவியிருக்கும். ஒரு சாண் ஆழத்திலேயே பாறையோ இறுகிய சரளையோ தட்டுப்படும். இங்கே புல் தூர்கள் எட்ட எட்டத்தான் நிற்கும். ஆவாரையும் இயல்பாகவே காணப்படும். மூன்றாவது, சுக்கான்கல் கலந்த சுண்ணாம்பு நிலம். ஒரு பிடி மண்ணில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்தால் நுரை கிளம்பும். நான்காவது, பள்ளக்காலில் அமைந்த கரிசல். கோடையில் வெடித்து, மழையில் ஒட்டும். ஐந்தாவது உவர் நிலம். வெயிற்காலத்தில் வெள்ளை பூக்கும்.

இவ்வைந்தையும் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு கடப்பாரையும், ஒரு தம்ளர் நீரும், ஓர் எலுமிச்சம்பழமும், கூர்ந்து நோக்கும் கண்ணும் போதும். ஆனால் ஒரே செடி எல்லாக் குழுவிலும் ஒரே பொருளைத் தராது என்பதை மறத்தல் கூடாது. சரளை மேட்டில் ஆங்காங்கே ஆவாரை நிற்பது இயல்பு. செம்மண் காட்டில் ஆவாரையும் கொழுஞ்சியும் பெருகுவது எச்சரிக்கை. மாடுகள் அவற்றைத் தொடாமல் புல்லையே தின்று தீர்த்துவிட்டன என்பது அதன் பொருள். பார்த்தீனியமும் எருக்கும் சீமைக்கருவேலமும் எந்தக் குழுவில் புகுந்தாலும் கேட்டின் அடையாளமே.

பசுமையை மட்டும் கண்டு ஏமாறுதலும் உண்டு. நல்ல மழை பெய்த கார்த்திகையில் எந்தக் காடும் பச்சையாகத்தான் தோன்றும். ஒரு பருவமே வாழும் பூண்டுகள் முளைத்து மாசிக்குள் மறைந்துவிடும். சீமைக்கருவேலத்தின் பசுமையும் தூரத்திலிருந்து பார்ப்போர்க்குப் பசுமையே. மண்ணை மட்டும் பார்த்தால் நிலை தெரியாது. செடியை மட்டும் பார்த்தால் வகை தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிலம் தன் கதையைச் சொல்லும்.

நூறு அடி நடந்த கதை

நாங்கள் நால்வரும் முதலில் தம்பியின் காட்டுக்குள் சென்றோம். பெரியவர் ஒரு வெள்வேல மரத்தைக் குறியாகக் கொண்டு நேர்கோட்டில் நூறு அடிகள் எடுத்துவைத்தார். ஒவ்வோர் அடியிலும் செருப்பின் நுனி எதன்மேல் படுகிறதோ அதைச் சொல்ல, நாம் நோட்டுப்புத்தகத்தில் கோடிட்டோம்: கொழுக்கட்டை, வேறு புல், பூண்டு, உதிர்ந்த சருகு, கல், வெறுமண். இம்முறையை யாரும் செய்யலாம். நூற்றில் இத்தனை என்று கணக்குத் தானே வந்துவிடும். பிறகு ஒரு சிறு மண்கட்டியை எடுத்துத் தம்ளர் நீரில் இட்டார். அது நெடுநேரம் கரையாமல் நின்றது. “வேரும் மக்கும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன” என்றார். அடுத்து, இருபுறமும் திறந்த ஒரு தகர டப்பாவை இரண்டு விரல் ஆழம் மண்ணில் இறக்கி, ஒரு தம்ளர் நீரூற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீர் தயங்காமல் இறங்கியது.

அதன்பின் அண்ணனின் செம்மண் காட்டில் அதையே செய்தோம். பச்சை இருந்தது உண்மையே. ஆனால் அதில் பெரும்பகுதி மழைக்கு முளைத்த பூண்டும் கொழுஞ்சியும். கொழுக்கட்டைத் தூர்கள் சிலவே. அவையும் சுற்றியுள்ள மண் அரித்துப்போனதால் வேர் தெரியச் சிறு மேடைகள்போல் நின்றன. தூர்களுக்கிடையே மண் ஏடு கட்டி இறுகியிருந்தது. மண்கட்டி நீரில் இட்டதும் பொலபொலவென உதிர்ந்தது. டப்பாவில் ஊற்றிய நீர் நின்றுகொண்டே இருந்தது.

பெரியவர் அத்தோடு நிறுத்தவில்லை. அருகிலேயே, நெடுங்காலமாக அளவோடு மேய்த்து ஓய்வளித்துக் காக்கப்பட்ட இரண்டு கொறங்காடுகளுக்கு எங்களை அழைத்துச் சென்றார். ஒன்று தம்பியினுடையதைப் போன்ற சரளை மேடு. மற்றொன்று அண்ணனுடையதைப் போன்ற செம்மண். அங்கேயும் நூறு நூறு அடிகள் எண்ணினோம். நன்கு காக்கப்பட்ட சரளை மேட்டிலும் கல்லே மிகுதி. புல்லின் அளவு தம்பியின் காட்டோடு ஏறத்தாழ ஒத்திருந்தது. நன்கு காக்கப்பட்ட செம்மண் காட்டிலோ கொழுக்கட்டை தரையை மூடி நின்றது. அண்ணனின் காட்டில் அதில் பாதிகூட இல்லை.

தம்பி காட்டைக் கெடுக்கவில்லை. தம் வகைக்குரிய நலத்தோடு அது இருந்தது. நலிந்திருந்தது, ஊரார் பச்சை என்று புகழ்ந்த காடே. அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின் தரையில் குந்தி, வேர் தெரிய நின்ற ஒரு தூரைக் கையால் தடவிப் பார்த்தார். “அப்பன் காலத்துல இங்க புல்லு முழங்காலைத் தொடும். நான்தான் கவனிக்காம விட்டுப்போட்டேன்” என்றார். எருமைகளை வாங்கி, பால் கடனை அடைக்க வேண்டி, ஓய்வே கொடாமல் அக்காட்டில் அடைத்து வந்ததை அவரே எடுத்துச் சொன்னார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கடன் நெருக்கும் வீட்டில் புல்லின் வேரை யார் எண்ணிப் பார்ப்பார்?

பொக்லைன் பற்றியும் பெரியவர் அறிவுரை கூறினார். “மேலே கிடக்கும் கல் சும்மா கிடக்கவில்லை. மழைத்துளியின் அடியைத் தாங்குவதும், ஈரத்தைக் காப்பதும் அதுவே. அதை வழித்துவிட்டால் ஒரு பெருமழையில் கீழேயுள்ள கொஞ்ச மண்ணும் போய்விடும். பின்பு அது நிஜமாகவே பாழ்” என்றார். தவறாக வகைப்படுத்தியதால் தவறான வைத்தியம் நடக்கவிருந்தது. ஒரு வாரத்தில் அது தடுக்கப்பட்டது.

திரும்பி வரக்கூடியதும் வராததும்

நலிந்த நிலம் ஓய்வளித்தால் தேறிவிடுமா? முற்காலத்து அறிஞர்கள் பெரும்பாலும் தேறும் என்றே எண்ணினர். 1989-இல் வெஸ்டோபி, வாக்கர், நோய்மெயர் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரை அவ்வெண்ணத்தைத் திருத்தியது. வறண்ட நிலங்கள் ஏணிப்படியில் ஏறி இறங்குவதுபோல் மெல்ல மாறுவதில்லை; ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவிவிடுவதும் உண்டு; சில தாவல்களுக்குப் பின் மாடுகளை வெளியேற்றினால் மட்டும் பழைய நிலை திரும்பாது என்று அவர்கள் விளக்கினர். நம் கண்முன்னும் இது நடக்கிறது. தூர்கள் சில எஞ்சியிருக்கும் செம்மண் காட்டில் இரண்டு மூன்று மழைக்காலம் ஓய்வளித்தால் விதை உதிர்ந்து புல் பரவும். சீமைக்கருவேலம் மண்டிய காட்டிலோ ஓய்வு அந்த மரத்துக்கே உதவும். அதை வேரோடு தோண்டியெடுத்து, உழுது, கொழுக்கட்டை விதையைத் தூவினால்தான் வழி பிறக்கும். ஆகவே, வாசலைத் தாண்டுமுன் எச்சரிக்கை பெறுவதே கண்காணிப்பின் பயன். காய்ச்சல் கண்ட முதல் நாளே வெப்பமானி வைத்துப் பார்க்கும் தாய் செய்வதும் அதுவே.

நொய்யலாற்றின் கரையிலுள்ள நிலங்களைப் பற்றியும் ஒரு சொல். சாயக் கழிவின் உப்பு பல்லாண்டுகள் அந்த ஆற்றில் ஓடியது. 1992-இல் பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியதையும், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதையும் இவ்வூர்க் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. பலர் வேலையிழந்த நாட்கள் அவை. உப்பேறிய அந்நிலத்தில் புல் குறைந்ததற்கு மேய்ப்பவர் மேல் பழி போட்டால் அது இரட்டைக் கொடுமை. உவர்க் காட்டை உவர்க் காட்டோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

தவறான வகைப்பாடு ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. 2000 முதல் பல பதிப்புகளாக வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபட நூலில், புதர் நிறைந்த நிலங்களும் நலிந்த மேய்ச்சல் நிலங்களும் தரிசு என்னும் தலைப்பின்கீழ் அடங்குகின்றன. தரிசு என்று பெயர் விழுந்த நிலத்துக்குப் பரிந்து பேச யார் வருவார்? காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் குடோனுக்கும் முதலில் காட்டப்படுவது அதுவே. தொழிலும் மின்சாரமும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நம் இல்லங்களின் அடுப்பு எரிவது பனியன் தொழிலால் என்பதை அறிவோம். ஆனால் ஒரு நிலத்தை விட்டுக்கொடுக்குமுன், அது பாழா அல்லது மரமும் புல்லும் ஆநிரையும் வாழும் மேய்ச்சல் காடா என்று தெரிந்தபின் முடிவு செய்தல் நலம். 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2022-இல் அறிவித்ததும், உலகெங்கும் இந்நிலங்கள் மதிப்பறியப்படாமல் போவதைக் கண்டேயாம்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

கொறங்காடு உள்ள குடும்பங்களுக்குப் பெரியவர் கூறிய எளிய வழிகளை இங்கே தருகிறோம். முதலில் காட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் குத்தி, ஆழத்தையும் கல்லையும் பார்த்து, ஐந்து குழுக்களில் எதைச் சாரும் என்று குறியுங்கள். ஒரே காட்டில் இரண்டு குழுக்கள் இருந்தால் இரண்டாகவே எழுதுங்கள். அடுத்து, வேலிக்கால் ஒன்றில் சுண்ணாம்பு பூசி அடையாளமிட்டு, தை மாதந்தோறும் அதே இடத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுங்கள். கைப்பேசியில் எடுத்தாலும் போதும். தேதியோடு காத்து வையுங்கள். அதே நாளில் நூறு அடி நடந்து எண்ணுங்கள். கட்டியை நீரில் இட்டுப் பாருங்கள். அவ்வாண்டு பெய்த மழையையும் எழுதிவையுங்கள். வறட்சி ஆண்டில் எல்லாக் காட்டிலும் புல் குறையும். ஆகவே சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதோடு நில்லாமல், அதே ஆண்டில் அதே குழுவைச் சார்ந்த நல்ல காடு ஒன்றோடும் ஒப்பிடுங்கள். உங்கள் காடு மட்டும் பின்தங்கினால் காரணம் மழையன்று, மேய்ச்சலே.

இதில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளல் நன்று. கம்பெனி வேலைக்குச் செல்லும் இளைஞர்க்குப் புல்லின் பெயர் தெரியாது என்று பெரியவர்கள் வருந்துகின்றனர். விடுமுறை நாளில் பாட்டனார் பெயர் சொல்ல, பேரன் நோட்டில் எழுதினால், வருத்தமும் தீரும், பெயரும் நிலைக்கும்.

அச்சகோதரர்களின் செய்தியைச் சொல்லாமல் முடித்தல் முறையன்று. சாலையோரத்து அக்காளின் பாகம் விற்கப்பட்டுவிட்டது. மகளின் திருமணச் செலவுக்கு அவருக்கு வேறு வழியில்லை. அங்கே இப்போது குடோனுக்கு அடித்தளம் போடுகின்றனர். மற்ற இரு காடுகளும் விற்கப்படவில்லை. அண்ணன் இரண்டு எருமைகளை விற்றுக் கடனில் ஒரு பகுதியை அடைத்தார். தம் காட்டின் நடுவே கிளுவைப் போத்துகளை நட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சென்ற மழைக்காலம் முழுதும் அடைத்து வைத்தார். அந்நாட்களில் அவருடைய மாடுகள் தம்பியின் சரளை மேட்டில், எண்ணிக்கை பேசி, அளவோடு மேய்ந்தன.

இந்தத் தை மாதம் அவர்கள் இருவரும் சேர்ந்தே நூறு அடி எண்ணினர். நோட்டை நம்மிடம் காட்டினர். அண்ணனின் காட்டில் கொழுக்கட்டைக் கோடுகள் சென்ற ஆண்டைவிடச் சில கூடியிருந்தன. நல்ல செம்மண் காட்டின் அளவை எட்ட இன்னும் நெடுந்தூரம் உண்டு. “அடுத்த தைக்கும் எண்ணுவோமுங்க சாமி” என்றார் அண்ணன். எண்ணட்டும். நிலத்தை அதன் இனத்தோடு வைத்து அளந்து, அதற்குரிய நியாயத்தை வழங்கி, நம் பிள்ளைகளுக்கு நாம் பெற்றதைவிடக் குறையாத காட்டை விட்டுச்செல்வோமாக.